‘ஒரு தடவை பார்க்கலாம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். முடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு. சித்தப்பாவுக்கு எந்தப் படமும் "ஒரு தடவை பார்க்கலாம்". அம்மாவுக்கு "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் இழுக்குது". தம்பிக்கு எல்லாமே மொக்கை. போன வாரம் ‘அன்பே சிவம்’ பார்த்துவிட்டு நான் அரை மணி நேரம் பேசினேன். சித்தப்பா "காமெடி கம்மி" என்று எழுந்து போய்விட்டார். போகிறபோக்கில் படம் பார்க்கிறவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதிலும் நகைச்சுவை என்று வந்துவிட்டால் உங்கள் சித்தப்பா மாதிரி ஆட்கள் சொல்வதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு சோகக் காட்சி ஏன் நல்ல காட்சி என்று ஒருவருக்கு எடுத்துச் சொல்லலாம். அடுத்த முறை பார்க்கும்போது அவருக்கும் பிடிபடும். சிரிப்பு வராதவரை விளக்கம் சொல்லிச் சிரிக்க வைக்க முடியாது. சிரித்து முடித்தவரிடம் போய் "இதற்கெல்லாம் சிரிக்கலாமா" என்று கேட்டு அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கவும் முடியாது. அங்கே படித்தவர், படிக்காதவர், சினிமா தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஒரே வரிசைதான்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இயக்குநர் பெயர், வருஷம் எதுவும் அவருக்குத் தெரியாது. டிவியில் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டால், அரிவாள்மணையை ஹாலுக்கே எடுத்து வந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம். படம் எடுக்கப் பணம் கேட்கும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவை உட்கார வைத்துப் பேய்க் கதை சொல்கிற இடம் வந்ததும் பெரியம்மாவின் கை நின்றுவிடும். நான் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்தவன். ஒவ்வொரு தடவையும் நாகேஷின் கையையும் கண்ணையும்தான் பார்த்திருக்கிறேன். பெரியம்மா ஒருநாள் சொன்னார்: "நீ ஏன் அந்தப் பையனையே பாக்கறே? பாலையாவைப் பாரு. கேக்கறவர் பயந்தாத்தானே நமக்குச் சிரிப்பு வரும்."

அன்றைக்குத்தான் பாலையாவை முழுசாகப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குகிறது. மகன் சொல்வது வெறும் கதை என்று தெரிந்தும் பயப்படுகிறார். கேட்பவரின் முகத்தில்தான் அந்தக் காட்சி முழுதும் நடக்கிறது. நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை. பீன்ஸ் நறுக்கியவர் சொல்லித்தந்தார்.

உங்கள் அம்மாவின் "கொஞ்சம் இழுக்குது" என்ற சொல்லையும் லேசாக விட்டுவிடாதீர்கள். நகைச்சுவையில் இரண்டு நொடி கூடினாலும் சிரிப்பு செத்துப்போகும். எடிட்டர் மேஜையில் உட்கார்ந்து தேடுகிற அதே குறையைத்தான் அம்மா இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறார். எந்த இடத்தில் இழுக்கிறது என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் ஒரு இடத்தைக் காட்டுவார்.

டிவி நகைச்சுவைத் தொடர்கள் பிழைத்ததே இப்படி அரைக் கவனத்தோடு பார்க்கிறவர்களால்தான். 1998-இல் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யைப் பாதிப் பேர் காதால்தான் பார்த்தார்கள். அடுப்பில் ரசம் கொதிக்கும், ஹாலில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை ஓடும், சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். முகத்தைப் பார்க்காமலே சிரிக்க வைக்க வேண்டும் என்றால் வசனம் எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும்! அப்புறம் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’. ராம்பாலா இயக்கத்தில் சந்தானமும் மற்றவர்களும் செய்தது என்ன? பெரிய படங்களைப் பார்த்துவிட்டுத் தியேட்டர் வாசலில் டீ குடித்தபடி ஜனங்கள் கேட்ட கேள்விகளை அப்படியே நடித்துக் காட்டினார்கள். போகிறபோக்கில் சொன்ன கருத்து ஒரு தனி நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது.

இதைவிடப் பெரிய சாட்சி நேசமணி. 2001 பொங்கலுக்கு வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர்தான் இந்த நேசமணி. 2019 மே மாதம் முகநூலில் கட்டடப் பொறியியல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. நம் ஆள் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, காண்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது என்றும் எழுதினார். அவருக்கு இப்போது பரவாயில்லையா என்று ஒருவர் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்பது ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. பதினெட்டு வருஷம் அந்தக் காட்சியைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் யார்? காமெடி சேனல்களில் துண்டு துண்டாக, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர்கள். படத்தின் கதையே தெரியாதவர்களுக்கும் ரமேஷ் கண்ணா கையிலிருந்து அந்தச் சுத்தியல் எப்போது நழுவும் என்று தெரியும்.

சரி, ‘அன்பே சிவம்’. இதில் நான் உங்கள் பக்கம்தான். சித்தப்பா நினைப்பதைவிட அது மிகப் பெரிய படம். ஆனால் அவர் சொன்னதும் பொய் இல்லை. 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் அது ஓடவில்லை. ‘உள்ளத்தை அள்ளித்தா’ எடுத்த சுந்தர் சி.யின் படம், பண்டிகை நாள், குடும்பத்தோடு சிரிக்கலாம் என்று போனவர்கள் கனத்த மனசோடு வெளியே வந்தார்கள். பிற்பாடு டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்து அதைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அதே ஜனங்கள்தான். சித்தப்பாவின் "காமெடி கம்மி" அவருடைய முதல் பார்வை, அவ்வளவுதான். நீங்கள் அரை மணி நேரம் பேசியதற்குப் பதிலாக, புவனேஸ்வர் விமான நிலையத்தில் கமலும் மாதவனும் மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் அவர் சிரித்தாரா என்று கேட்டிருக்கலாம். சிரித்திருப்பார். அங்கிருந்து பேச்சை ஆரம்பித்திருந்தால் எழுந்து போயிருக்க மாட்டார்.

வருகிற ஞாயிறு ‘மைக்கேல் மதன காமராஜன்’ போடுங்கள். சாம்பாரில் மீன் விழுகிற இடத்தில் கிரேசி மோகனின் வசனம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். உங்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும், அதனால் திரையைப் பார்க்க வேண்டாம், சித்தப்பாவின் முகத்தைப் பாருங்கள். எந்த வார்த்தைக்கு உதடு முதலில் அசைகிறது, எந்த வார்த்தையைச் சிரிப்பில் தவறவிட்டு "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அம்மாவையும் கேட்டேன் என்று சொல்லுங்கள்.