வாசகர் கேள்வி – பதில்: ஆம்ஸ்டர்டாமும் அதன் கொல்லைப்புறக் கிராமங்களும்

நான்கைந்து நாள் பயணமாக ஆம்ஸ்டர்டாம் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மொத்தமே நான்கு நாள். நகரத்துக் கால்வாய்கள், பக்கத்துக் கிராமங்கள், யூடியூபில் எல்லோரும் காட்டும் கீத்தோர்ன், எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? – வாசகர், திருச்சி

கீத்தோர்னை விட்டுவிடுங்கள். ரயிலில் ஸ்டேன்வெய்க் வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கோடை மதியத்தில் அந்த ஒல்லி வாய்க்காலில் படகு ஓட்டத் தெரியாதவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீரோடு ஒட்டிய கிராமம்தான் வேண்டுமென்றால், நகரத்துக்கு வடக்கே வாட்டர்லாண்ட் பகுதியில் அரை மணி பேருந்துப் பயணத்திலேயே இருக்கிறது.

ஒரு முழு நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் முன்வாசல் ஊரைப் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஐ என்ற நீர்ப்பரப்பைப் பார்த்த பின்பக்கம், மேல்தளத்தில் பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கே 316 எண் பேருந்து ஏறி முதலில் எடாம். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் காலையில் பாலாடைக்கட்டிச் சந்தை நடக்கும். மற்ற நாட்களில் எடாமில் கூட்டமே இருக்காது. எங்களைக் கேட்டால் அதுதான் அந்த ஊருக்கு அழகு.

எடாமிலிருந்து ஃபோலண்டம் மூன்று கிலோமீட்டர்தான். நடக்கலாம், அல்லது அதே பேருந்தில் திரும்பி வரலாம். கரைமேல் நீளும் கடைத்தெருவுக்கு ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து படகில் அரை மணி நேரத்தில் மார்க்கன். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 1957 வரை மார்க்கன் தனித் தீவு. அந்த ஆண்டில்தான் கரை போட்டு நிலத்தோடு இணைத்தார்கள். வெள்ளத்துக்குப் பயந்து மண்மேடு எழுப்பி அதன்மேல் வீடு கட்டினார்கள். மேட்டில் இடம் தீர்ந்த பிறகு மரக்கால் நட்டு அதன்மேல் கட்டினார்கள். சில வீடுகளின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள்: ஒரு காலத்தில் அலை புகுந்து போகட்டும் என்று திறந்து விட்ட இடம், பின்னாளில் பலகை அடைத்து அறையாகியிருக்கும். 1932இல் 32 கிலோமீட்டர் நீள அஃப்ஸ்லாய்ட்டெய்க் அணை, இந்த ஊர்களின் கரையில் இருந்த உள்கடலின் வாயை மூடியது. உள்ளே இருந்த உப்புநீர் மெல்ல நன்னீராகிவிட்டது. வெள்ளப் பயம் தணிந்தது, ஆனால் ஃபோலண்டத்து மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது. இன்று அங்கே பாரம்பரிய உடை மாட்டிப் படமெடுக்கும் ஸ்டுடியோக்கள் வரிசையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்க்கனிலிருந்து திரும்ப 315 எண் பேருந்து. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை எடாமை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் படகுகள் குறைவு. தவறவிட்டால் பயப்பட வேண்டாம். ஃபோலண்டத்திலிருந்து 316இல் மோனிக்கண்டாம் வந்து 315க்கு மாறினாலும் மார்க்கன் போய்விடலாம். பேருந்து எண்கள் கால அட்டவணையோடு மாறக்கூடியவை என்பதால் அன்று காலை 9292 என்ற பொதுப் போக்குவரத்துச் செயலியில் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: காற்றாலைகளை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? வெளியே நின்று படம் மட்டும்தானா? – வாசகி, கோவை

ஸான்ஸே ஸ்கான்ஸ் என்ற இடத்தில் உள்ளே போகலாம். சென்ட்ரலிலிருந்து ஸ்பிரிண்டர் ரயிலில் இருபது நிமிடத்துக்குள் ஸான்டெய்க் நிலையம். இறங்கியதும் பெரும்பாலும் கோக்கோ வறுக்கும் வாசனை அடிக்கும், பக்கத்தில் கோக்கோ தொழிற்சாலை இருக்கிறது. ஸான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கால் மணி நடை.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: இது அப்படியே பிழைத்து நிற்கும் பழைய கிராமம் இல்லை. ஸான் பகுதியில் இடிபட இருந்த மரவீடுகளையும் ஆலைகளையும் 1960களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். ஆனாலும் பல வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது அவர்களுக்குத் தினசரித் தொல்லை.

ஆலைகளுக்குத் தனித்தனிக் கட்டணம். எல்லாவற்றிலும் ஏற வேண்டியதில்லை, இரண்டு போதும். ஒன்று டே காட், சாயப்பொடி அரைப்பது. செங்குத்தாக நிற்கும் இரண்டு பெரிய உருளைக் கற்கள் கீழ்க்கல்லின் மேல் வட்டமடித்துச் சுண்ணாம்புக் கட்டியை மாவாக நசுக்கும். மரப் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிக்கும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். மற்றொன்று ஹெட் யோங்க ஸ்காப், மரம் அறுக்கும் ஆலை. இறக்கைகளின் சுழற்சி ஒரு வளைதண்டு வழியே வாள் சட்டத்தை மேலும் கீழுமாக ஆட்டும். அதே இயக்கம் பல்சக்கரம் ஒன்றைத் தள்ளி, அடிமரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளுக்கு ஊட்டும். காற்றால் ஓடும் மர அறுப்பாலையை கொர்னேலிஸ் கொர்னேலிஸோன் என்ற டச்சுக்காரர் அமைத்தது 1594இல். ஸான் பகுதி கப்பல் கட்டும் தொழிலில் முந்தியதற்கு வேகமாக அறுத்துக் குவித்த இந்தப் பலகைகளும் காரணம்.

காற்று இல்லாத நாளில் இறக்கை சுற்றாது. புயல்காற்றிலும் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். மிதமான காற்று இருக்கும் நாளாக வானிலைச் செயலியில் பார்த்து இந்தப் பயணத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்துக்குப் போவது படிக்கட்டு இல்லை, ஏணி. இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி பின்புறமாக இறங்க வேண்டும். முன்பக்கமாக இறங்குகிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். புடவையைவிடச் சுடிதார் வசதி. இந்த இடத்தில் நுழைவுக்கே 17.50 யூரோ வாங்கும் திட்டத்தை 2025இல் அறிவித்தார்கள். போகும் மாதத்தில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயண அட்டை எதுவும் வாங்காமல் வங்கி அட்டையைத் தட்டியே ரயில், டிராமில் போகலாம் என்கிறார்களே? – வாசகர், மதுரை

உண்மைதான். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும், ரூபே செய்யாது. ஊரிலிருந்து கிளம்பும் முன் வங்கிச் செயலியில் இரண்டு பொத்தான்களை இயக்க வேண்டும்: வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி. ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு ஸ்கிபோல் விமான நிலையத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்பவர்கள் உண்டு.

ஒரு அட்டையில் ஒருவர்தான் போகலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு அட்டை வேண்டும். ஏறும்போது அட்டையையும் இறங்கும்போது அதே அட்டை ஏற்றிய கைபேசியையும் தட்டினால், இயந்திரம் இரண்டையும் வெவ்வேறு ஆளாகவே எண்ணும். இறங்கும்போது தட்ட மறந்தால் ரயிலில் 20 யூரோவும் பேருந்து, டிராமில் 4 யூரோவும் பிடித்துவிடுவார்கள். வாயிற்கதவே இல்லாத சிறு நிலையங்களில் இந்த மறதி அதிகம். நடைமேடை ஓரத்தில் நிற்கும் கம்பத்தைத் தேடித் தட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கால்வாய் ஓரத்துப் பழைய வீட்டு விடுதி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? – வாசகி, கொழும்பு

லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம். அந்த வீடுகள் ஒடுங்கிய மனையில் உயரமாக எழுப்பியவை. உள்ளே இருக்கும் படி அரைப்பாதம்தான் பதியும் அளவுக்குச் செங்குத்து. வீட்டு உச்சியில் ஒரு விட்டம் நீட்டி, கொக்கி தொங்குவதைப் பார்ப்பீர்கள். பீரோவும் கட்டிலும் இன்றும் அந்த வழியாகக் கயிறு கட்டித்தான் சன்னலுக்குள் போகின்றன. பெட்டியோடு அம்மா அந்தப் படியில் ஏற முடியாது.

மலிவு என்பதையும் மறுபடி கணக்குப் பாருங்கள். 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. 160 யூரோ அறைக்கு இரவுக்கு 20 யூரோ. 2026 ஜனவரி முதல் தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரியும் 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. இணையத்தில் காட்டும் விலையில் இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து ஊரான ஸான்டாமில், ரயில் நிலையத்தோடு ஒட்டித் தங்கினால் சென்ட்ரலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். ஸான்ஸே ஸ்கான்ஸும் பக்கம்.

கேள்வி: முட்டைகூடச் சாப்பிடாத சைவம். சீஸும் ரொட்டியுமாக ஓட்டிவிடலாமா? – வாசகர், மயிலாடுதுறை

சீஸில்தான் சிக்கல். பாரம்பரிய டச்சு சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. கடையில் ‘வெகெட்டாரிஸ் ஸ்ட்ரெம்ஸெல்’ என்று கேளுங்கள்; தாவர அல்லது நுண்ணுயிர் நொதியில் செய்த வகைகளும் கிடைக்கும். பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். டச்சு மொழியில் முட்டை என்பது ‘எய்’. இ, ஐ என இரண்டே ஆங்கில எழுத்து என்பதால் கண்ணில் படாமல் போகும். போஃபர்ச்சஸ் என்ற குட்டிப் பணியாரத்தில் முட்டை உண்டு. உருளை வறுவலைச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

வயிறு நிறைய வேண்டுமென்றால், முன்பு டச்சுக் காலனியாக இருந்த தென் அமெரிக்க நாடான சுரிநாமின் சாப்பாட்டுக் கடைகள். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சுரிநாமுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் நெதர்லாந்தில் நிறைய. ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய் என்று நம் நாக்குக்குப் பழகிய தட்டு. சைவ ரொட்டியிலும் வேகவைத்த முட்டை வைப்பது அவர்கள் வழக்கம். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாடகை சைக்கிள் எடுக்கலாமா? – வாசகர், சிங்கப்பூர்

நகருக்குள் வேண்டாம், வடக்கே எடுங்கள். சென்ட்ரலின் பின்பக்கமிருந்து சைக்கிளோடு ஏறும் இலவசப் படகு உண்டு. அக்கரையிலிருந்து ஏரிக்கரையோடு டூர்கர்டாம் வரை மேடே இல்லை. பல வாடகைச் சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது, பெடலைப் பின்னுக்கு மிதித்தால்தான் நிற்கும். எடுத்தவுடன் காலி இடத்தில் நான்கைந்து முறை பழகுங்கள். டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும்; சாய்வாகப் போனால் சக்கரம் உள்ளே சிக்கும். போகும்போது எதிர்க்காற்று இருக்கிற திசையைத் தேர்ந்தெடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்.

கேள்வி: ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு எப்போது பார்த்தாலும் டிக்கெட் இல்லை என்கிறது. – வாசகி, சென்னை

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமியின் இந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வாசலில் டிக்கெட் விற்பதில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஆம்ஸ்டர்டாம் நேரம் காலை 10 மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் ஒரு வாரத்துக்கான டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் திறப்பார்கள். இந்திய, இலங்கை நேரப்படி அது கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. பத்து நிமிடம் முன்பே வரிசையில் நுழைந்து காத்திருங்கள். உள்ளே படி செங்குத்து. கைப்பையைவிடப் பெரிய பையோடு விடமாட்டார்கள்.