பச்சைத் தூக்கு (வாசகர் கடிதமும் பதிலும்)

ஐயா,

வடலூர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், வள்ளலார் வழிச் சன்மார்க்க சங்கத்தில் கஞ்சி ஊற்றும் நண்பர் ஒருவரைப் பற்றி இரண்டு வரி வரும். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். முப்பது வருஷப் பழக்கம். போன மாதம் போய்விட்டார். தன்னை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று பல முறை சொல்லியிருந்தார். பிள்ளைகள் கேட்கவில்லை. எரித்தார்கள், பதினாறாம் நாள் கருமாதியும் செய்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். துரோகம் செய்துவிட்டதுபோல் இருக்கிறது. வரும் பூசத்தன்று சங்கத்தில் நினைவேந்தல். என்னைப் பேசச் சொல்கிறார்கள். ‘நல்லவர், ஆன்மிகவாதி’ என்பதற்குமேல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது.

ஒரு வாசகர், பண்ருட்டி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இரண்டு வரி நண்பரும் இப்போது இல்லை. போய் இரண்டு வருஷம் ஆகிறது.

நினைவேந்தலில் நானும் ‘கருணையே வடிவானவர்’ என்றுதான் ஆரம்பித்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று உறைத்தது. சொல்லியிருக்க வேண்டியது அவர் கரண்டி பிடிக்கும் விதத்தை.

ஞாயிறு காலை ஆறரைக்கு அண்டா இறங்கும். அரிசி நொய், பாசிப்பருப்பு, சீரகம், அப்புறம் தூதுவளையும் முசுமுசுக்கையும். ஒவ்வொரு கரண்டிக்கு முன்னாலும் அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார். வரிசை நகராது, எங்களுக்கு எரிச்சல் வரும். “கலக்காம ஊத்தினா முதல்ல வர்றவங்களுக்குத் தண்ணி, கடைசியில வர்றவங்களுக்குப் பருக்கை. அது என்ன நியாயம்?” என்பார்.

வாங்க வருகிறவர்களின் பெயரைக் கேட்க மாட்டார். ஊர், சாதி எதுவும் தெரியாது. பாத்திரத்தைத்தான் தெரியும். நெளிந்த சொம்பு, மூடியில்லாத டிபன், பச்சைத் தூக்கு. ஒரு ஞாயிறு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, “பச்சைத் தூக்கு வரலையே” என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரயில்வே கேட் பக்கம் ஒரு பாட்டி காய்ச்சலில் கிடந்தாராம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, “வாசல்ல தூக்கு கவுத்திருந்துச்சு.”

மாதப் பூசத்துக்கு வடலூர் போவோம். ஜோதி தரிசனத்துக்கு ஆறு திரை விலகுவதைப் பார்க்க நாங்கள் ஞானசபை முன்னால் முண்டிக்கொண்டு நிற்போம். அவர் அன்னதானம் நடக்கும் தருமச்சாலையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். 1867-இல் வள்ளலார் மூட்டிய அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நண்பருக்கு ஜோதி அங்கேயே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். (கோபக்காரர்தான். யாராவது இலையில் மிச்சம் வைத்தால் எங்கள் எல்லோருக்கும் திட்டு விழும்.)

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். புதைப்பதா எரிப்பதா என்பது சன்மார்க்கிகளுக்குச் சின்ன விஷயம் இல்லை. இறந்தவர் எழுவார் என்று வள்ளலார் நம்பினார். அதனால்தான் உடம்பை எரிக்காதீர்கள் என்று வற்புறுத்தினார். நீங்களும் நம்புகிறீர்களா என்று நண்பரிடம் ஒருமுறை கேட்டேன். “எழுந்து வந்தா பசிக்குமே, அதுக்குத்தான் அடுப்பு” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார். உங்கள் நண்பர் விஷயத்தில் முடிவு பிள்ளைகள் கையில் இருந்தது. பந்தியில் உட்கார்ந்ததைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பாடு போட்ட இடத்தில் சாப்பிட்டீர்கள், அவ்வளவுதானே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நண்பரை அவர் கேட்டபடியே புதைத்தோம். வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் படித்தோம். எல்லாம் சரியாக நடந்தது என்று எங்களுக்குப் பெருமை வேறு. எரிக்க வேண்டாம், கருமாதி வேண்டாம் என்ற வள்ளலார், கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். நண்பரே இதைப் பத்துத் தடவையாவது பேசியிருப்பார். பதினாறாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் நண்பரின் மனைவியைத் தாலி கழற்ற உள்ளே அழைத்துப் போனபோது, சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் திண்ணையில்தான் இருந்தோம். ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் வருகிறார்கள், சங்கம் வருகிறது. அவர் மனைவி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பூசத்துக்கு முன்னால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். முப்பது வருஷத்தில் உங்களுக்குத் தெரியாத அவரை அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். என்ன பேசுவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்.