மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேரப் போகிறாள். மேக்புக்தான் வேண்டும் என்கிறாள். எனக்கு விண்டோஸைத் தவிர வேறெதுவும் தெரியாது. என்ன செய்வது?

பதில்: மகளின் ஆசையில் தவறில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை வைத்து மடிக்கணினி கொண்டுவந்தது. அதில் மேக்புக் ஏருக்குள் மின்விசிறியே கிடையாது. சத்தமில்லாமல், ஒரு முறை சார்ஜ் செய்தால் பகல் முழுக்க ஓடும். அதைக் கையில் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் அவளுக்கு ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அவள் படிக்கப் போவது கட்டடக்கலை. அந்தத் துறையில் நிறையப் பேர் கட்டடங்களை வடிவமைக்கப் பயன்படுத்தும் ரெவிட் என்ற மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. 3டிஎஸ் மேக்ஸும் அப்படித்தான். ஸ்கெட்ச்அப், ரைனோ இரண்டும் மேக்கிலும் ஓடும். ஆட்டோகேடுக்கும் மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் எல்லா வசதியும் அதில் கிடையாது. இன்டெல் சிப் இருந்த பழைய மேக்கில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸைத் தனியாக நிறுவ முடிந்தது. எம் வரிசை மேக்கில் அந்த வழி இல்லை. மேக்குக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி அதில் விண்டோஸை ஓட்டலாம், உண்மைதான். ஆனால் விடிந்தால் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டிய இரவில், இப்படிச் சுற்றிவளைத்து ஓட்டும் மென்பொருள் திணறினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதனால்தான் இந்தப் படிப்புக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அவள் சேரப்போகும் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம், ‘எந்த மென்பொருளை எந்த ஆண்டில் கேட்கிறார்கள்?’ என்று விசாரியுங்கள். பட்டியலில் ரெவிட் இருந்தால் விண்டோஸ்தான். அதில் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதைப் பாருங்கள். ரெவிட் இல்லையென்றால், பட்டியலில் இருக்கும் மற்றவையும் மேக்குக்கு வருமா என்று பார்த்துவிட்டு, மகளின் விருப்பப்படியே விடுங்கள். எதை வாங்கினாலும் ராம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். எம் வரிசை மேக்கில் பின்னால் ராம் கூட்ட முடியாது. மெலிதான விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றிலும் அது பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாத விஷயம் இது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னிடம் இருப்பது 2015இல் வாங்கிய கணினி. விண்டோஸ் 10க்கு ஆயுள் முடிந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். நன்றாக ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸ் போட்டால் அவை என்ன ஆகும்?

பதில்: தூக்கிப் போடாதீர்கள் அம்மா. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கணினி நின்றுவிடாது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு மைக்ரோசாப்ட் ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தது. அதைத் தவணை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கணினி அதில் தேறாது.

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். ‘போட்டுப் பாருங்கள்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி பென் டிரைவில் அதை ஏற்றி, கணினியை அதிலிருந்தே இயக்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஒரு மாலை முழுக்க அதில் உட்காருங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, உறக்கத்துக்குப் போய்த் திரும்ப எழுகிறதா என்று நான்கையும் பாருங்கள். சரியாக வந்தால் நிறுவலாம். அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள், நிறுவும்போது பழையது அழிந்துவிடும். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், கூடவே அதை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமாக, மாற்றச் சொல்லுங்கள். வேகத்தில் தெரியும் வித்தியாசம் லினக்ஸால் வருவதைவிட இதனால்தான் அதிகம் வரும்.

பாமினிக்கு வருகிறேன். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிவிட்டால், வேர்ட் போன்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸில் உங்கள் வினாத்தாள்கள் தமிழாகவே தெரியும். கட்டங்களும் அட்டவணைகளும் அங்கங்கே நகரலாம். ஆனால் பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக் குறியீடுதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குவியலாக நிற்கும். அதனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நாலைந்து தாள்களாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள். அப்போதுதான் அவற்றில் ஒரு சொல்லைத் தேடிக்கூட எடுக்க முடியும். புதிதாகத் தட்டச்சு செய்யத் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இருக்கிறது.

கேள்வி: மேக்கிலும் லினக்ஸிலும் வைரஸ் வராது என்கிறார்களே?

பதில்: வரும். 2012இல் பிளாஷ்பேக் என்ற ஒன்று சுமார் ஆறு லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. அதைவிட, வங்கியிலிருந்து வந்ததுபோல் ஒரு மின்னஞ்சலை நம்பி நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

கேள்வி: எட்டு வருடமாக மேக். புதிய வேலையில் விண்டோஸ் கொடுத்துவிட்டார்கள், வீட்டிலும் அதற்கே மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். எதில் சிக்குவேன்? நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

பதில்: நான் மொழிபெயர்ப்பாளர். பிழைப்புக்கு டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும், அதனால் விண்டோஸ். சொந்த எழுத்துக்குப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். இரண்டிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பதற்றம் வரும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஒன்பது வருடம் சேர்த்த என் கலைச்சொல் பட்டியலை ஒரு குறிப்பு மென்பொருளில் வைத்திருந்தேன். அது ஒரே ஒரு இயங்குதளத்தில் மட்டும் ஓடும். தயாரித்தவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். நான் கணினியை மாற்றியபோது பட்டியலை வெளியே எடுக்க ஒரே வழிதான் இருந்தது, பிடிஎஃப். அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ எல்லாம் உடைந்து வந்தது. மூன்று மாதம், தினமும் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரும்பத் தட்டினேன். சில சொற்களுக்குப் பக்கத்தில் அவற்றைச் சொல்லித்தந்தவர்களின் குறிப்புகள் இருந்தன, அவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. அந்த வரிகளைப் பிழையில்லாமல் தட்டி முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இன்று என் பட்டியல் சாதாரண சிஎஸ்வி கோப்பாக, அதாவது வெறும் எழுத்து வரிகளாக, இருக்கிறது. எந்தக் கணினியும் திறக்கும்.

உங்களுக்குச் சிக்கல் வரும் இடங்களும் இப்படிப்பட்டவையே. ஆப்பிளின் பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் கோப்புகளை வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் நேரடியாகத் திறக்காது. மேக்கிலேயே அவற்றை அந்த வடிவங்களாக மாற்றிவிடுங்கள். மேக் தானாக எடுத்துவைக்கும் டைம் மெஷின் நகலை நம்பி இருக்காதீர்கள், விண்டோஸ் அதைப் படிக்காது. எக்ஸ்ஃபேட் வடிவில் அமைத்த வெளி டிஸ்கை இரண்டும் படிக்கும், எழுதும். கோப்புகளை அதில் போடுங்கள். ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இருக்கும் படங்களில் பல, உங்கள் மேக்கில் சிறிய உருவமாக மட்டுமே இருக்கலாம். முழுப் படத்தையும் இறக்கிய பிறகே நகலெடுங்கள். கடவுச்சொற்களைக் கோப்பாக வெளியே எடுத்து, விண்டோஸில் ஏற்றியதும் அந்தக் கோப்பை உடனே அழித்துவிடுங்கள். கமாண்டுக்குப் பதில் கண்ட்ரோலைத் தேடும் விரல் இரண்டு வாரத்தில் பழகிவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம், பழைய மேக்கை உடனே விற்காதீர்கள். இரண்டு மாதம் அப்படியே அலமாரியில் இருக்கட்டும். எதை எடுக்க மறந்தோம் என்பது வரிக்கணக்கோ பழைய ஒப்பந்தமோ தேடும் நாளில்தான் தெரியவரும்.