சொட்டுவது எந்த ஆயில்? பழைய டிராக்டர் கேள்வி-பதில்

பெங்களூரைச் சுற்றித் தோட்டம் வாங்கியவர்கள் ஊரில் கிடந்த தாத்தா காலத்து டிராக்டரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரே மாதத்தில் தரையில் கறுப்பு வட்டம். அப்புறம் அல்சூரில் என் பட்டறைக்குக் கேள்வி வருகிறது. இந்தத் தடவை வந்ததில் சில.

கேள்வி: தர்மபுரியிலிருந்து சர்ஜாபூர் தோட்டத்துக்கு எங்கள் மாஸி பெர்குசன் 35-ஐக் கொண்டுவந்தோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்துக்கு அடியில் ஒரு ஓட்டை, அதில் ஸ்பிளிட் பின் (இரண்டு கால் உள்ள கம்பி ஊசி) தொங்குகிறது. அங்கேதான் சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டை கம்பெனியே வைத்தது. கிளட்ச் அறைக்குள் வரும் எண்ணெய் வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைத்தால் கிளட்ச் தட்டு நனைந்து, கலப்பை மண்ணில் இறங்கியதும் வழுக்கும். ஸ்பிளிட் பின்னும் சும்மா இல்லை. அது ஆடிக்கொண்டே இருப்பதால்தான் ஓட்டையில் சேறு அடைப்பதில்லை.

அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் மை மாதிரிக் கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்க் தண்டின் பின்பக்கச் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போயிருக்கும். தேன் நிறமாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல். ஆனால் கறுப்பு என்றதும் ஸ்பேனரைத் தூக்காதீர்கள். ஒரு வண்டியில் நானே பின் சீல்தான் என்று அடித்துச் சொல்லி, டிராக்டரை இரண்டாகப் பிரித்துப் போட்டேன். சீல் நன்றாக இருந்தது. ஒழுகியது மேலே ராக்கர் கவர், அதாவது எஞ்சின் தலையின் மூடி. எண்ணெய் பிளாக்கின் பின்பக்கமாக வழிந்து கீழே வந்து சொட்டியிருக்கிறது. மூன்று நாள் கூலி என் தலையில்.

இப்போதெல்லாம் எஞ்சினை டீசல் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். வெள்ளைப் பூச்சில் எண்ணெய் கோடு போட்டுக்கொண்டு இறங்கும். கோட்டின் மேல் நுனிதான் குற்றவாளி.

பின் சீல்தான் என்று உறுதியானால் பிரித்தே ஆகவேண்டும். பிரித்த கையோடு கியர்பாக்ஸ் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இன்னொரு தடவை பிரிக்கும் கூலியைவிட அவை மலிவு. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினில் பின் சீல் கயிறு மாதிரி இருக்கும். பழைய கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. நனைத்து எடுங்கள்; காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

கேள்வி: முன்பக்கக் கிராங்க் சீலை இரண்டு தடவை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. டூப்ளிகேட் சீலா? (ஹொஸ்கோட்டே)

பதில்: சீலை விடுங்கள். சீல் உதடு உட்காரும் இடத்தில், புல்லியின் கழுத்தில், நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தில்தான் உட்காரும். அதன்மேல் மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றலாம். இடமிருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தாலும் போதும். எம்ரி தேய்க்கும்போது சுற்றுவாக்கில் மட்டும் தேய்க்கவேண்டும். சாய்வாகக் கீறல் விழுந்தால் அது திருகாணி மரை மாதிரி எண்ணெயை வெளியே தள்ளும்.

அளவும் முக்கியம். மேலே சொன்ன மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் 152 கன அங்குலம். அந்தக் காலத்து இங்கிலாந்து வடிவமைப்பு, எல்லாமே அங்குலக் கணக்கு. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் "ஏறக்குறைய இதே சைஸ்தான்" என்று மில்லிமீட்டர் சீலைத் தருவார்கள். அந்த ஏறக்குறையதான் ஒழுகுகிறது. பழைய சீலைக் கையில் கொண்டுபோய் வெர்னியர் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்கட்டும்.

ஒரே சமயத்தில் நாலைந்து இடத்தில் கசிந்தால் பிரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழியை, பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலும் கக்கும்.

கேள்வி: ஒழுகுகிறது, ஆனால் டிப் ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போகிறது. எப்படி? (ஆனேக்கல்)

பதில்: இதைப் படித்ததும் ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை வரும். டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்து, டீசல் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. இல்லாவிட்டால் இன்ஜெக்ஷன் பம்பின் சீல். எண்ணெய் நீர்த்துப்போய் பேரிங் தேயும். அளவு மிஞ்சினால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. பம்பைச் சரிசெய்து, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் ஓட்டவேண்டும்.

கேள்வி: ராக்கர் கவருக்குக் கார்க் பேக்கிங் போட்டு, இரண்டு பக்கமும் அனாபாண்ட் பசையைத் தாராளமாகத் தடவினேன். இன்னும் கசிகிறது.

பதில்: தாராளம்தான் தப்பு. உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். கவரைக் கழற்றிக் கண்ணாடி மேல் கவிழ்த்து வையுங்கள். போல்ட்டை இறுக்கி இறுக்கி ஓட்டைகளைச் சுற்றித் தகடு வளைந்திருக்கும். மரக்கட்டை மேல் வைத்து மெதுவாகத் தட்டி நேராக்குங்கள். அப்புறம் வெறும் கார்க்கே பிடிக்கும், அது பிதுங்காத அளவுக்கு இறுக்கினால்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் மருந்து பாட்டிலில் விற்கிறார்களே, ஊற்றலாமா?

பதில்: ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும். கயிறுக்கும் கார்க்குக்கும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்குப் பவுடர் டப்பா வாங்குங்கள்.