அடுக்குக் கட்டிலில் பத்து இரவுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

பதினோராம் வகுப்பு முடித்த என் மகள், வரும் மே மாதம் தன் பள்ளிக் குழுவினருடன் பத்து நாட்கள் ஜெர்மனிக்குச் செல்கிறாள். பயண நிறுவனம் தந்த தாளில், தங்குமிடம் 'இளைஞர் விடுதி அல்லது அதற்கு இணையான ஓட்டல்' என்று மட்டுமே உள்ளது. கட்டிய பணத்துக்கு இது குறைவாகப் படுகிறது. ஆசிரியராக மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றவர் நீங்கள். அங்கே எப்படி இருக்கும்?

ஒரு தாய், கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

'இளைஞர் விடுதி' என்பதைக் கண்டு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 'இணையான' என்ற சொல்லைத்தான் நான் சந்தேகிப்பேன்.

ஜெர்மனியின் இளைஞர் விடுதிகள் பள்ளிப் பயணத்திலிருந்தே பிறந்தவை. 1909 ஆகஸ்டில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர், மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை மாணவர்கள் தங்கத் திறந்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றிய எண்ணம்தான், சில ஆண்டுகளில் அல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதியாயிற்று.

அறைக்கு நான்கு முதல் ஆறு பேர், அடுக்குக் கட்டில்கள். விரிப்பையும் உறைகளையும் வாங்கிவந்து நாமே மாட்ட வேண்டும், கிளம்பும் காலையில் நாமே கழற்றிப் போட வேண்டும். வீட்டில் போர்வை மடித்தறியாத பிள்ளைகள் தடித்த மெத்தைப் போர்வையை உறைக்குள் நுழைக்க அரைமணி நேரம் போராடியதை ரசித்துப் பார்த்திருக்கிறேன். துண்டைக் கொண்டுபோவது நல்லது. இரவு பத்து மணிக்குமேல் நடைக்கூடத்தில் சத்தம் கூடாது. மின்விசிறி இருக்காது, அதன் இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ஒரு மாணவன் என் கதவைத் தட்டினான். நாங்கள் தங்கிய ஒரு விடுதியில், குளியல் தடுப்புக்கு வெளியே தண்ணீர் போக வழியே இல்லை. நம் பிள்ளைகள் வீட்டுப் பழக்கத்தில் வாரி ஊற்றிக் குளித்ததில் கீழ்த்தள அறையின் கூரையில் சொட்டத் தொடங்கிவிட்டது. காலை உணவு ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் என்று சைவருக்கும் போதுமானதாகவே இருக்கும்.

ஓட்டல் என்றால்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகம். அங்கே இரட்டைக் கட்டில் என்பது பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் இரண்டு மெத்தை, இரண்டு தனிப் போர்வை. அதிகம் பழகாத இரு பிள்ளைகளுக்கு அந்த நெருக்கம் சங்கடமாகலாம் என்பதால், தனித்தனிக் கட்டில்தானா என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர்கள் அதே தளத்தில் இருப்பார்களா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், விடுதியின் பெயரும் முகவரியும். 'மியூனிக்கில் தங்கல்' என்று அச்சிட்டிருந்தாலும் விடுதி நகருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கலாம். விலை குறைவதன் காரணமும் பெரும்பாலும் அதுவே. தினமும் பேருந்தில் போகும் நேரம் பிள்ளைகளின் தூக்கத்திலிருந்துதான் கழியும்.

பெட்டியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையையும் வைத்துவிடுங்கள்; அங்கே கழிவறையில் காகிதம் மட்டுமே இருக்கும்.