வேலை போனதா? 60 நாளை எண்ணத் தொடங்குங்கள்
(சட்டம்: வாசகர் கேள்வி பதில்)

மார்ச் 3 அன்று கடிதத்தைக் கையில் கொடுத்து அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். பதில் வந்த பிறகு புகார் செய்யலாமா?
வாசகர், ஷா ஆலாம்

காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், பிரிவு 20-இன்படி, நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். வேலை நாள் கணக்கல்ல. ஞாயிறு, பெருநாள் விடுமுறை எல்லாம் சேரும். நீக்கப்பட்ட நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுங்கள். உங்களுக்கு மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 2. ஆக, மே 2 கடைசி நாள். "ரெண்டு மாசம்தானே" என்று மனக்கணக்குப் போட்டு மே 3 அன்று போய் நிற்பவர்கள் உண்டு.

கம்பெனிக்குள் செய்யும் மேல்முறையீடு இந்தக் கெடுவை நிறுத்தாது. பலரும் சறுக்குவது இங்கேதான். மனிதவளப் பிரிவில் இதமாகப் பேசுவார்கள், நாள் ஓடிவிடும். கெடு ஒரு மாதமாக இருந்த காலத்திலேயே, ஃபங் கியோங் ரப்பர் வழக்கில் (1981), குறித்த காலத்துக்குள் மனு செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடம்பு சரியில்லை, சட்டம் தெரியாது என்பதெல்லாம் எடுபடாது. முதலில் மனுவைப் போடுங்கள். கம்பெனி திரும்ப அழைத்தால் மீட்டுக்கொள்ளலாம்.

மனு செய்யும் இடம் தொழில் உறவுத் துறை (ஜபத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான்). வீட்டுக்கு அல்ல, வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள அலுவலகம். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் எழுதிவிட்டு இதையும் செய்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு துறை. நியமனக் கடிதம், நீக்கக் கடிதம், காரணம் கேட்டு வந்த கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக நாளைத் தள்ளிப்போட வேண்டாம். பெற்றுக்கொண்ட தேதி முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் "மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்" என்றே கேளுங்கள். பிரிவு 20 தரும் பரிகாரம் அதுதான். "அந்தக் கம்பெனி முகத்திலேயே விழிக்க மாட்டேன், பணம் மட்டும் போதும்" என்று எழுதினால் மனுவுக்கே அடித்தளம் இல்லாமல் போகலாம். திரும்பப் போக முடியாத நிலை என்றால், அதற்கு ஈடாக இழப்பீடு தருவதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சமரசப் பேச்சு. அதில் வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. தொழிற்சங்க உறுப்பினர் என்றால் சங்கம் துணைக்கு வரலாம். சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். 2021 முதல் அமைச்சரின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வென்றால், பணி உறுதியானவருக்கு அதிகபட்சம் 24 மாதப் பின்சம்பளம், உறுதியாகாதவருக்கு 12 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததைக் கழிப்பார்கள்.

நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 30 வரை வேலைக்குப் போக வேண்டும். 60 நாள் கடிதத் தேதியிலிருந்தா?
வாசகி, ஸ்கூடாய்

நோட்டீஸ் முடியும் நாளிலிருந்து. மே மாதத்தில் 31 நாள், ஜூனில் 29 நாள். ஆக, ஜூன் 29 வரை உங்களுக்கு நேரம் உண்டு. நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: "மீதி நாளுக்குச் சம்பளம் தருகிறோம், நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று இடையிலேயே அனுப்பினால், அனுப்பிய நாளிலிருந்தே எண்ணுவது பாதுகாப்பு.

அறைக்குள் உட்கார வைத்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இதற்கும் மனு செய்யலாமா?
வாசகர், ஈப்போ

செய்யலாம், கெடுவும் அதே 60 நாள்தான். ஆனால் சுமை உங்கள் தலையில். நீக்கம் நடந்ததை முதலாளியே ஒப்புக்கொண்டால் காரணத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ராஜினாமா என்றால், அது கட்டாயத்தில் நடந்தது என்று முதலில் நீங்கள் காட்ட வேண்டும். இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, அறையில் யார் யார், என்ன மிரட்டல், "விரும்பிக் கையெழுத்திடவில்லை" என்ற வரி. மூன்று வாரம் கழித்து எழுதும் கடிதத்துக்கு அந்த எடை இருக்காது. கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தால் வழக்கு கடினம்தான், முடியாதது அல்ல.

60 நாள் தாண்டிவிட்டது. ஓவர்டைம் பாக்கியும் போய்விட்டதா?
வாசகர், கிள்ளான்

இல்லை. சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள், பிரிவு 20-இன் கெடு அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிப் பணத்துக்கும் வேலை இழந்த நாளிலிருந்து 60 நாள்தான். ஆள்குறைப்பில் வேலை இழந்தவர்கள் பிரிவு 20 மனு, சொக்சோ மனு இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு அந்தப் பணம் கிடையாது.