சோதனைக்குழாயும் 32 வாரமும்

வணக்கம். ஐ.வி.எஃப். என்கிற சோதனைக்குழாய் சிகிச்சையில் இரண்டு கரு வைத்தார்கள், இரண்டும் தங்கின. 32 வாரத்தில் சிசேரியன். மகன்கள் இருவரும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருந்தார்கள். இப்போது 9 மாதம். எதிர்வீட்டுக் குழந்தை 7 மாதத்தில் உட்கார்ந்துவிட்டது. இவர்கள் கையை முன்னால் ஊன்றித்தான் உட்காருகிறார்கள். ‘லேபில் செய்த பிள்ளை அப்படித்தான்’ என்கிறார் மாமியார். அறிவு மந்தமாகுமா? பின்னாளில் இவர்களுக்குப் பிள்ளை பிறக்குமா? குழந்தை டாக்டரிடம் ஐ.வி.எஃப். என்று சொல்லவில்லை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 1978இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன், 2006இல் இயல்பாகவே கருத்தரித்துத் தாயானார். கணவரின் விந்தணுக் குறைவுக்காக இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்திருந்தால் மட்டும், மகன்கள் வளர்ந்தபின் ஒரு பரிசோதனை தேவைப்படலாம். தந்தையின் ஒய் குரோமோசோமில் குறை இருந்தால் அது மகனுக்கும் வரும்.

உங்கள் கணக்குதான் தப்பு, அம்மா. 40 வாரத்தில் 8 வாரம் முந்திப் பிறந்தவர்கள். 9 மாதத்தில் அந்த 2 மாதத்தைக் கழியுங்கள்: 7 மாதம். கை ஊன்றி உட்காரும் வயது அதுதான். ஆதரவில்லாமல் உட்கார, கழித்த கணக்கில் 9 மாதம் வரை பொறுக்கலாம். 2 வயது முடியும்வரை எதைப் பார்த்தாலும் இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த தேதிப்படியே.

சோதனைக்குழாயைத் திட்டுபவர்கள் கருப்பைக்குள் எத்தனை கரு வைத்தார்கள் என்று கேட்பதே இல்லை. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.வி.எஃப். பிள்ளைகளிடம் ஆட்டிசம் கூடியிருக்கவில்லை. அறிவுத்திறன் குறைபாடு சற்றே கூடுதலாகத் தெரிந்தது. இரட்டையாக அல்லாமல் ஒற்றையாகப் பிறந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் பொருட்படுத்தும் அளவில் இல்லை. இரட்டை என்றால் கருப்பை சீக்கிரம் விரியும், வலி முந்தும், எடை குறையும். பெரும்பாலான சிக்கல் அங்கிருந்து வருவது. அதனால்தான் சுவீடன் 2003இலேயே ஒரே கரு என்பதை விதியாக்கியது. இரட்டைப் பிரசவம் சரிந்தது. சிகிச்சையின் வெற்றி விகிதம் சரியவில்லை. இங்கே இன்னும் ‘ஒரே செலவில் இரண்டு’ என்று குடும்பமே சந்தோஷப்படுகிறது. மீதிக் கருவை உறையவைத்து அடுத்த முறை வைக்கலாம் என்று உங்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா? சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தை டாக்டரிடம் மறைத்ததற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். மாமியாருக்குப் பயந்து மருத்துவரிடம் மறைப்பதா? டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னுகின்றனவா, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறதா, ஒரே கையை மட்டும் நீட்டுகிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் பிஸியோதெரபி தொடங்கவேண்டும்.

இப்படி முந்திப் பிறந்தவர்களுக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை முதல் 30 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். அந்தச் சீட்டும் காது பரிசோதனைச் சீட்டும் ஃபைலில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே தேடுங்கள். இல்லையென்றால் நாளைக் காலையில் இருவரையும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.